பதினேழு வரைக்கும்

அப்பாவின் மணிக்கட்டைத் திருப்பி, ஆஸ்பத்திரிப் பட்டையில் அச்சடித்திருந்த எண்ணை மகள் படித்தாள். 510511.

"பிரியுதா பாரு," என்றார் அப்பா. மூச்சு இழுத்தது. "பிரிஞ்சா ஆபரேஷனுக்கு வரேன். பிரியலைன்னா என்னை விட்டுடுங்க."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனுக்கு விளங்கியது, அதனாலேயே கோபம் வந்தது. "உயிர் போற நேரத்துல என்னப்பா விளையாட்டு?"

விளையாட்டில்லை. பல்சக்கரம் வெட்டும் பட்டறை அவருடையது. பல்லுக்காரர் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். வாயில் ஒன்றுகூடக் கிடையாது என்பது வேறு விஷயம். பற்களின் எண்ணிக்கை சின்ன எண்களால் மீதியில்லாமல் வகுபட்டால், அவர் பேச்சில் பிரிந்தால், இயந்திரம் சொன்னபடி கேட்கும். வகுபடாத எண் வந்தால் வேலையைத் தொடாமலே திருப்பி அனுப்பிவிடுவார். நாளடைவில் எல்லாவற்றுக்கும் அதே பார்வை. மாப்பிள்ளையின் போன் நம்பர் பிரியவில்லை என்று மகளுக்கு வந்த நல்ல வரனைத் தட்டிக்கழித்த மனுஷர்.

மகளும் அந்தப் பட்டறையில்தான் வேலை பழகினாள். மருந்துக் கவரின் பின்பக்கத்தில் வகுக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு?"

"ஒண்ணு மிஞ்சுதுப்பா."

"மூணு?"

"ஒண்ணு."

ஐந்து, ஏழு, பதினொன்று. எதில் வகுத்தாலும் அதே ஒன்று. இப்படி ஒரு எண்ணை அவள் பார்த்ததேயில்லை. யாரோ வேண்டுமென்றே பொறுக்கியெடுத்து அவர் கையில் கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"பிரியுதுன்னு சொல்லித் தொலையேன்," அண்ணன் அவள் காதில் சீறினான்.

சொல்லலாம். எதால் என்று கேட்பார். பெருக்கிப் பார்ப்பார். இந்த நிலையிலும் பார்ப்பார்.

பதிமூன்று. ஒன்று. பதினேழு. ஒன்று.

"அவ்வளவுதானே?" என்றார்.

"அவ்வளவுதாம்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார். அண்ணன் கெஞ்சினான், திட்டினான், அழுதான். அவர் தலையை மட்டும் அசைத்தார். சாயங்காலம் போய்விட்டார்.

பிணவறை வாசலில் ஊழியர் பட்டையைத் தூக்கிப் பார்த்து உரக்கப் படித்தார். "அஞ்சு லட்சத்துப் பத்தாயிரத்து ஐநூத்திப் பதினொண்ணு. சரிதானாம்மா?"

லட்சம் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் பட்டறைக்கு வரும் எந்தச் சக்கரமும் முந்நூறு பல்லைத் தாண்டாது. அதற்குப் பதினேழு வரை பார்த்தால் போதும். பழக்கத்தில் இதற்கும் அங்கேயே நிறுத்திவிட்டாள். அவரும் நிறுத்திவிட்டார்.

வேண்டாம் என்று நினைக்க நினைக்க மனசு பத்தொன்பதால் வகுத்துக்கொண்டே போனது. கடைசியில் நூற்றெழுபத்தொன்று நின்றது.

ஒன்பது பத்தொன்பது நூற்றெழுபத்தொன்று. மிச்சமில்லை.

"சரிதானாம்மா?" ஊழியர் மறுபடி கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

அண்ணன் பக்கத்தில் வந்து அவள் தோளில் கை வைத்தான். கோபமெல்லாம் வடிந்திருந்தது. "விடு. நீ என்ன பண்ணுவ? அந்த நம்பர் அப்படி."

அவள் அந்தக் கையை விலக்கவில்லை. ஊழியர் வண்டியை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்.