கிராப்ட்ரீயிடம் சொல்லிவிட்டு வந்தவர்கள்

லைல் ஃபெர்ரி ஊரின் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், மாடியறைக்குப் போய் வெண்டல் கிராப்ட்ரீயிடம் மனக்குறையைச் சொன்னவர்கள் யாரும் அந்தக் குறையோடு கீழே இறங்கியதில்லை. குறைக்குக் காரணமான சங்கதி அப்படியே இருக்கும். ஷிஃப்ட் மாற்றியது மாற்றியதுதான், பிடித்த சம்பளம் பிடித்ததுதான். ஆனால் அதைப் பற்றிய எரிச்சல் மட்டும், கழற்றி மாட்டிய கோட்டைப்போல, அந்த அறையிலேயே தங்கிவிடும். முதலில் இதைக் கவனித்தது சரக்கு ஏற்றும் பகுதியில் இருந்தவர்கள்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஓட்டிஸ் பென், மகளின் பள்ளி நாடகத்தன்று தனக்கு லீவு மறுத்ததற்காகக் கதவை உதைத்துக்கொண்டு மாடிக்குப் போனவன், இறங்கி வந்து கேன்டீனில் இன்று என்ன சூப் என்று விசாரித்தான். விளையாட்டாக அவனைச் சரக்கு நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். காலையில் அதே தராசில் ஏறியபோது இருந்ததைவிட ஒரு பூனையின் எடை குறைந்திருந்தான்.

வெண்டலை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆணி, பெயின்ட் விற்கும் கடைக்கு மேலே அலுவலகம் போட்டு, நெடுங்காலம் தொழிலாளிகளுக்காக வழக்காடியவன். கோர்ட்டில் அவன் பேசினால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அவ்வளவு பெரிய குரல். இதே தொழிற்சாலையைப் பல முறை மண்டியிட வைத்திருக்கிறான். அப்படிப்பட்டவன் ஒரு வசந்தகாலத்தில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, அதே கம்பெனியில் ஹெச்.ஆர். தலைவராகச் சேர்ந்தான். உள்ளே இருந்தால் ஆட்களை இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று காரணம் சொன்னான். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. ஏரிக்கரையில் வீடு வாங்கப் போகிறான் என்றார்கள் சிலர். எதையோ காட்டி மிரட்டியிருப்பார்கள் என்றார்கள் மற்றவர்கள். அவன் ஏரிக்கரையில் வீடு வாங்காதபோது சந்தேகம் இன்னும் அதிகமானது. குரலும் சன்னமாகிவிட்டது. மேஜையில் ஒரு கிண்ணம் நிறையப் புதினா மிட்டாய் வைத்திருந்தான். மாயமெல்லாம் மிட்டாயில்தான் என்று எண்ணி, தொடாமல் வந்தவர்கள் உண்டு. அவர்களும் லேசாகத்தான் இறங்கினார்கள்.

எடுத்ததையெல்லாம் அவன் எங்கே வைக்கிறான் என்பது சில வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரிந்தது. வெண்டல் தன் வீட்டுப் புல்வெளியை இயந்திரத்தால் வெட்டிக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலுக்கு மேலே அவன் வாயிலிருந்து ஓட்டிஸ் பென்னின் குரல், மகளின் நாடகத்தைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தது. ஓட்டிஸ் அப்போது ஊருக்கு மறுகோடியில் பௌலிங் ஆடிக்கொண்டிருந்தான். அடுத்த வரிசைப் புல்லுக்கு வேறொரு குரல், திரும்பி வரும்போது இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. எங்களுடைய கோபத்தையெல்லாம் அவன் கம்பெனிக்காகப் பிடித்து வைத்திருக்கிறான், நாளைக்கு அதை வைத்தே எங்களை மடக்குவான் என்று முடிவுகட்டினோம். அதற்குப் பிறகு மாடிக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். போகாதவர்கள் போனவர்களோடு ஒரே மேஜையில் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

டார்லீன் பூத்தின் விரல்கள் போனது அந்த இலையுதிர் காலத்தில். அட்டை வெட்டும் இயந்திரத்தில் இடது கையில் இரண்டு விரல். கட்டுப் பிரித்த அன்றே, வேண்டாம் என்று புருஷன் வெர்னான் தடுத்தும் கேட்காமல், அவள் நேராக மாடிக்குப் போனாள். சூப்பர்வைசர் கைல் ஸ்டாம்பரைப் பற்றி என்னவோ சொல்லப் போகிறாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அதை அவள் முதலில் கம்பெனியிடம் சொல்லிவிட்டு அப்புறம் வீட்டில் சொல்வதாக இருந்தாள். இறங்கி வந்தவளிடம் கேட்டபோது, விரல்தானே போயிற்று, மற்றபடி ஒன்றும் இல்லை என்று சிரித்தாள். அடுத்த வாரம் கைலுக்கு வாழைப்பழ ரொட்டி செய்து கொடுத்தனுப்பினாள். வெர்னான் அந்த ரொட்டி அடுப்பில் வெந்த வாசனையைப் பொறுக்க முடியாமல் வெளியே போய் லாரியில் உட்கார்ந்திருந்தான்.

நஷ்டஈட்டு வழக்கைத் தொடுத்தது அவன்தான். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் அவள் போட்டாள். கம்பெனித் தரப்புச் சாட்சிகளில் வெண்டலின் பெயரைப் பார்த்ததும் வெர்னான் அவன் வீட்டுக்குப் போனான். இருவரும் பள்ளியில் ஒரே கூடைப்பந்து அணியில் ஆடியவர்கள்.

"எம் பொண்டாட்டி கோவத்த எடுத்து வச்சிருக்கியே, அதக் குடு," என்றான் வெர்னான்.

வெண்டல் வாசற்படியில் உட்கார்ந்தான். ஆள் பெருத்திருந்தான்; படியின் பலகை அவன் கீழே வளைந்தது.

"குடுக்கத் தெரிஞ்சா என்னைக்கோ குடுத்திருப்பேன், வெர்ன். அவங்க சொல்றாங்க, நான் கேக்கறேன், அது எங்கிட்ட வந்துடுது. வக்கீலா இருந்தப்பவும் இப்படித்தான். அப்போ கோர்ட்ல பேசித் தீத்துடுவேன். இங்க எங்க போய்ப் பேச? புல்லுகிட்டதான் பேசறேன்."

"நாளைக்கு என்னன்னு சாட்சி சொல்லப் போற?"

"அவளுக்கு எங்க மேல ஏதாச்சும் குறை இருக்கான்னு கேப்பாங்க."

"இல்லன்னு சொல்லுவ."

"இல்லதானே, வெர்ன். அவகிட்ட இப்போ இல்லியே."

"நல்லாத்தான்டா பேசற. இதுக்குத்தான் உன்ன வாங்கிப் போட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டு வெர்னான் கிளம்பினான். எல்லாம் முதலிலிருந்தே போட்ட திட்டம் என்று அன்று அவன் எங்களிடம் சொன்னான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

விசாரணை மாவட்டக் கோர்ட்டில் நடந்தது. டார்லீனைக் கேட்டார்கள். இயந்திரத்தில் குற்றமில்லை, தான்தான் கவனிக்கவில்லை போலிருக்கிறது, கைல் நல்ல பையன் என்று அவள் சொன்னாள். கைல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்னான் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். கம்பெனி வக்கீல் சந்தோஷமாக வெண்டலைக் கூப்பிட்டாள். அவன் உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தான், தண்ணீர் குடித்தான். டார்லீன் பூத் உங்களிடம் வந்து பேசினாரா, என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். வந்தது டார்லீனின் குரல்.

"கத்தி மேல இருக்கற அந்த மூடியக் கழட்டாதேன்னு சொன்னேன், கைல். மத்தியானத்துக்குள்ள லோடு போகணும், அப்புறமா மாட்டிக்கலாம்னு நீ சொன்ன. என் ரத்தம் அட்டை மேல கொட்டுது. நீ மொதல்ல அட்டையத்தான் நகத்தின."

கம்பெனி வக்கீல் ஆட்சேபித்தாள். சாட்சி கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார் என்று நீதிபதி மறுத்துவிட்டார். டார்லீன் ஆரம்பத்தில், பஸ்ஸில் யாரோ சொல்லும் கதையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அட்டை என்ற சொல் வந்ததும் அவள் கழுத்து சிவந்தது, பிறகு காது. வெட்டுப்பட்ட கையால் மேஜையை ஓங்கி அடித்தாள். அதோடு நிற்கவில்லை. வெண்டலிடமிருந்து ஓட்டிஸின் குரல் வந்தது, அச்சடிக்கும் பகுதியில் வேலை செய்த ஸ்பானியப் பெண்களின் குரல்கள் அவர்கள் மொழியிலேயே வந்தன, ஓய்வுபெற்றுப் போனவர்களின் குரல்கள், இறந்துபோன ஒருவரின் குரல்கூட வந்தது. ஒவ்வொருவராகப் பேசும்படி நீதிபதி கேட்டுக்கொண்டார். சுருக்கெழுத்துக்காரர் ஒவ்வொரு குரலின் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். சாயங்காலம் வெண்டல் கூண்டிலிருந்து இறங்கியபோது சட்டை அவன்மேல் தொளதொளவென்று தொங்கியது.

டார்லீன் ஜெயித்தாள். கைலை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். போன கோபமெல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்ததால் தொழிற்சாலையில் ஒரு வாரம் ஒரு பெட்டிகூட நகரவில்லை. அந்த ஒரு வாரத்தில் எல்லா இயந்திரத்துக்கும் மூடி போட்டு, கழற்ற முடியாதபடி முடுக்கினார்கள். ஷிஃப்ட் பழையபடி ஆனது. சில கோபங்கள் இடம் மாறித் திரும்பியிருந்தன. பிள்ளையே இல்லாத ஒருவன் மகளின் நாடகத்தைப் பார்க்க விடவில்லை என்று அழுதுகொண்டிருந்தான். அவனையும் ஓட்டிஸையும் பக்கத்தில் உட்காரவைத்து, பேசிச் சரிசெய்துகொள்ளச் சொன்னார்கள்.

வெண்டலைக் கம்பெனி நீக்கவில்லை. அதனாலேயே ஊர் அவனை விட்டபாடில்லை. சத்தியம் செய்தால்தான் அது வெளியே வரும் என்று அவனுக்கு முன்பே தெரியுமா, தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் ஏன் காத்திருந்தான், இதிலும் கம்பெனிக்கு ஏதோ லாபம் இருக்கிறதா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசிக்கொண்டே மாடிக்கும் போகிறார்கள். படியில் வரிசை நிற்கிறது என்று கம்பெனி நாற்காலிகள் போட்டுக் கொடுத்திருக்கிறது.

குளிர்காலம் முடியும்போது டார்லீனும் போனாள். வழக்கு முடிந்த பின் அவளுக்குத் தூக்கம் இல்லை. சாப்பிடும்போதுகூட அட்டை நகர்கிற சத்தம் கேட்கிறது என்பாள். வெர்னான் மறுபடி தடுத்தான்.

"கேஸ்தான் முடிஞ்சுபோச்சே, வெர்ன். இனிமே இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்றாள்.

அவன் லாரியில் காத்திருந்தான். நினைத்ததைவிட வெகுநேரம் ஆயிற்று. இரண்டு விரலுக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று யோசித்தான். கல்யாணத்துக்குப் பிறகு போன வருஷங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான், குளிரிலும் லாரியின் கண்ணாடியை இறக்கிவிட்டான். அவள் வந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அவன் தோளில் சாய்ந்தாள். கல்யாணத்துக்கு முந்தின காலத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சாய்ந்ததில்லை.

"என்னப் பத்தியும் ஏதாவது சொன்னியா?"

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"ஞாபகம் இல்லியே," என்றாள்.

வெர்னான் வண்டியைக் கிளப்பினான். அன்றிலிருந்து டார்லீனுக்கு அவன்மேல் எந்தக் குறையும் இல்லை. அவன் தாமதமாக வந்தாலும் சாப்பாட்டைச் சூடுபண்ணி வைக்கிறாள். அவன் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறது என்று சொல்கிறான், அவள் பாத்திரம் கழுவும்போது பின்னாலிருந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.