கைக்குட்டைக்குக் கீழே ஒரு எண்

மகாவலியின் இரு கரையிலும் வாழும் நமது பங்கின் சகல விசுவாசிகளுக்கும் மிகுந்த பணிவுடன் அறிவிக்கப்படுவது: பத்தொன்பது வருடங்களாகத் திருவிழாப் பூசையின் முதற்பாட்டுக்கு முன்னிசை வழங்கிவந்த கீபோர்ட் கலைஞர் திருவாளர் வலன்ரைன் அவர்கள், இவ்வருடம் அதை வழங்கமாட்டார்.

உண்மையில் இதை யாரும் அறிவிக்கவில்லை. பாடற்குழுவை நடத்தும் அனற் டீச்சர், பயிற்சி முடிந்து கதிரைகளை அடுக்கும்போது சொன்னதுதான். "அங்கிள், முன்னுக்கு வர்ற துண்ட கிளின்ரன் வாசிக்கட்டுமே."

கிளின்ரன், கட்டாரில் ஒரு ஹோட்டல் பேண்டில் இருந்துவிட்டு அல்ட்டோ சாக்ஸபோனோடு கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பியவன். அவன் அதைக் கழுத்தில் மாட்டியதும் குழு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. பத்தொன்பது வருடத்தில் தன் பக்கம் ஒரு கழுத்தாவது திரும்பியதா என்று வலன்ரைன் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

கிளின்ரனுக்கு ஒரு குறை இருந்தது. தாளில் எழுதியதைத்தான் வாசிப்பான். வலன்ரைனிடமே வந்து எழுதித்தரச் சொன்னான்.

"மாத்தி எழுதணும் அங்கிள். இந்தச் சாக்ஸபோன்ல நான் சி வாசிச்சா உங்க கீபோர்டோட ஈ ஃப்ளாட்தான் கேக்கும். உங்க சி வேணும்னா எனக்கு ஏ போடணும். ஈ-க்கு சி ஷார்ப், ஜி-க்கு ஈ. எல்லாத்தையும் அப்படியே நகர்த்தினாச் சரி."

காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருபத்தாறு வருடம் எழுதிய கை அது. வலன்ரைன் முத்து முத்தாக எழுதினார். ஒரு சுரத்தையும் மாற்றவில்லை. சி இருந்த இடத்தில் சியே இருந்தது.

திருவிழாவுக்கு முதல் நாள் கடைசிப் பயிற்சி. சாக்ஸபோன் ஈ ஃப்ளாட்டில் எழும்பியது, கீபோர்ட் சி-யில் நின்றது. இரண்டு பஸ் ஒரே தரிப்பில் ஹோர்ன் அடித்த மாதிரி இருந்தது. கிளின்ரன் தாளைப் பார்த்தான், வாத்தியத்தைப் பார்த்தான். வெளிநாட்டுச் சாமான், இந்த ஊர்க் குளிருக்குச் சரிவராது போலும் என்று வலன்ரைன் மிகுந்த அனுதாபத்துடன் அபிப்பிராயப்பட்டார்.

அனற் டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். நேரே கீபோர்டுக்கு அருகே வந்து, அதன் சிறு திரைமேல் எப்போதும் விரித்திருக்கும் வலன்ரைனின் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மடித்தார்.

"இனி எழுத நேரமில்ல. அந்த சுருதி மாத்துற பட்டன மூணு தரம் அமத்துங்க அங்கிள். நீங்க எப்பவும் போல சி-யிலயே வாசிங்க, அது ஈ ஃப்ளாட்டாக் கேக்கும்."

"எப்பவும் போலன்னா?"

"உங்களுக்கு சி மட்டுந்தானே வரும். மிச்சம் எல்லாம் பட்டன்தானே. எங்களுக்குத் தெரியும் அங்கிள்."

பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பழைய செய்திக்கு யார் சிரிப்பார்கள்? வலன்ரைன் மூன்று தரம் அமத்தினார். திரையில் மூன்று என்று வந்தது. எல்லாம் பொருந்திவிட்டது.

மறுநாள் பூசையில் கிளின்ரன் முன்னிசையை வாசித்தான். கோயில் நிமிர்ந்து உட்கார்ந்தது. தூணுக்குப் பின்னால், அவன் யார் கண்ணிலும் படாத இடத்தில் நின்றான். அந்த இடத்தை ஒதுக்கிக் கொடுத்தவர் வலன்ரைன்.

பூசை முடிந்து, முன்வரிசையில் இருந்த வயதான சூசையம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னா தம்பி, இந்த வருசம் ஒங்க பொட்டியில அந்தக் கொழல் சத்தம் அழ வச்சிருச்சு. புதுசாப் போட்டதா?"

வலன்ரைன் ஆமென்றார்.