அகலம் கூடிப்போன கட்டில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில், பேகம்பூர் கிதர் முகம்மது தன் கையால் செய்த கட்டிலில் ராத்திரி ஒரு பிள்ளையைப் படுக்கவைத்தார். விடிந்தபோது அதில் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அந்த வாரம் ஆட்டுத்தோல் விலை இறங்கியிருந்தது, குழாயில் தண்ணீர் நாள்விட்டு நாள் வந்தது. மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை.

கிதர் முகம்மது தச்சர் இல்லை. தோல் கிடங்கில் தரம் பிரிக்கிறவர். உப்புப் போட்டு வந்து இறங்கும் தோலைக் கண்ணால் பார்க்கக்கூட மாட்டார், விரலால் ஒரு தடவு தடவி இது வெள்ளாடு, இது செம்மறி, இது உண்ணி கடித்தது என்று தனித்தனியாக எறிந்துவிடுவார். மரம் அவருக்கு அந்நியம். ஆனால் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த நர்கீஸுக்கு இரண்டு வயதாகியிருந்தபோது, ஒருநாள் காலை அவர் மனைவி சர்புன்னிசா பிள்ளை படுத்திருந்த பாயை உதற, அதிலிருந்து கருந்தேள் ஒன்று விழுந்தது. செருப்பால் அதை அடித்துக் கொன்றுவிட்டு வேலைக்குப் போன கிதர் முகம்மது அன்று முழுவதும் வெள்ளாட்டையும் செம்மறியையும் கலந்து போட்டுவிட்டார். பிள்ளை இனித் தரையில் படுக்கக் கூடாது என்று முடிவானது. தச்சர் சுருளிவேலிடம் கேட்டதற்குப் பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கல் கழிந்ததும் பழனிக்கு நடந்து போய்விட்டார். பொறுக்கமாட்டாமல் கிதர் முகம்மது வேப்பம்பலகை வாங்கிவந்து, சுருளிவேலின் வீட்டம்மாவிடம் ரம்பமும் உளியும் இரவல் கேட்டு, முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ரம்பம் அவர் நினைத்த பக்கம் போகவில்லை. ஒரு காலைக் குறைத்தால் இன்னொரு கால் உயர்ந்தது, அதைக் குறைத்தால் முதல் கால் மறுபடி உயர்ந்தது. தூங்குகிற பிள்ளையின் அகலத்தை, புரள்வதற்கு இடம் விட்டு, ஒரு சணல் கயிற்றை இரட்டையாக மடித்து அளந்திருந்தார். பலகையை அறுக்கும்போது கயிறு பிரிந்து கிடந்தது. அதை மடித்து அளந்தது அவர் ஞாபகத்தில் இல்லை. கட்டில் எழுந்து நின்றபோது நீளம் சரியாக இருந்தது, அகலம் மட்டும் இரண்டு பங்காக இருந்தது. சர்புன்னிசா சுற்றிவந்து பார்த்தாள். “ஏங்க, இம்புட்டு அகலம் என்னத்துக்கு? தெருப் புள்ளைங்களையும் சேத்துப் போடவா?” என்று சிரித்தாள். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்லி, அதிலேயே துணி விரித்துப் பிள்ளையைப் போட்டார்கள்.

மறுநாள் காலையில் கட்டிலில் கிடந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இடது முழங்கையில் கஞ்சி கொட்டிய தழும்பு இருந்தது. இரண்டும் ஒரே சிவப்புக் கவுனைப் போட்டிருந்தன, இரண்டு கவுனிலும் தோள்பட்டைக் கிழிசல் பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது. சிவப்பு நூல் தீர்ந்துபோனதால் சர்புன்னிசா அப்படித் தைத்திருந்தாள், தைத்தது ஒரு கவுன்தான். கிதர் முகம்மது “நர்கீஸ்” என்று கூப்பிட்டார். இரண்டும் கண்ணைத் திறந்து “அத்தா” என்றன. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிடங்கில் செய்வதுபோல இரண்டு தலையையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். விரல் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி தடவினார். இதற்குள் இரண்டு பிள்ளைகளும் பசிக்கிறது என்று அழ ஆரம்பித்ததால், சர்புன்னிசா ஒரு தட்டை எடுத்து வைத்தவள், சற்று நின்று, இன்னொரு தட்டையும் எடுத்து வைத்தாள்.

பூ விற்க வரும் மூக்காயி வாசலில் கூடையை இறக்கிவிட்டு, ரெட்டைப் பிள்ளை என்று இத்தனை நாள் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று மட்டும் வருத்தப்பட்டாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து பார்த்து, பிள்ளை பிறந்ததற்குக் கொடுக்கும் அகீகா குர்பானி கொடுத்தாயிற்றா என்று விசாரித்தார். ஒன்றுக்குக் கொடுத்தாயிற்று, இரண்டில் எதற்கு என்று தெரியவில்லை என்றார் கிதர் முகம்மது. ஹஜ்ரத் தாடியைத் தடவி யோசித்து, எந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லையோ அந்தப் பிள்ளைக்காக என்று மனதில் நிய்யத்து வைத்துக் கொடுத்தால் போதும், அல்லாவுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்படி ஓர் ஆடு அறுக்கப்பட்டு, கறி தெருவுக்குப் பங்கு வைக்கப்பட்டது.

கிதர் முகம்மதுக்கு மட்டும் புத்தி தெளியவில்லை. ஒன்று முட்டை தின்றது, மற்றது துப்பியது. நர்கீஸ் முட்டை தின்பாளா என்று யோசித்தார்கள். தின்பாள் என்றார் அவர், தின்னமாட்டாள் என்றாள் சர்புன்னிசா. ஒன்றைத் தூக்கிக் கொஞ்சும்போது, கீழே நின்று பார்ப்பதுதான் தன் பிள்ளையோ என்று திக்கென்றது. அதைத் தூக்கினால் இறக்கிவிட்டதன் மேல் சந்தேகம் வந்தது. கொடைரோட்டில் டீக்கடை வைத்திருந்த சர்புன்னிசாவின் அண்ணன் அப்துல் வாஹித் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “மாப்ள, எடம் கெடந்துச்சு, வந்து படுத்துக்கிருச்சு. எடத்தைக் கொறைங்க, வந்தது போயிரும்” என்றார். அவர் சொன்னதில் பிழை இருப்பதாகக் கிதர் முகம்மதுக்குத் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகில் போனார். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. கட்டிலின் நடுவில் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டார். அடுப்படியிலிருந்து வந்த சர்புன்னிசா கோட்டைப் பார்த்தாள், ரம்பத்தைப் பார்த்தாள்.

“எந்தப் பக்கத்தை அறுக்கப் போறீங்க?”

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“நான் பெத்தது எதுன்னு எனக்குத் தெரியலைங்க. உங்களுக்குத் தெரிஞ்சா அறுங்க.”

“நீ பெத்தவ, உனக்கே தெரியலைன்னா நான் என்ன செய்ய?”

“அப்ப ரம்பத்தைக் கீழ வைங்க.”

அவர் வைக்கவில்லை. அறுக்கவும் இல்லை. வெயில் சாய்ந்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ரம்பமும் கையுமாக அப்படியே நின்றார். அதற்குள் பிள்ளைகள் தூக்கத்தில் புரண்டு கோட்டைத் தாண்டி, ஒன்றின் கால் மற்றதன் வயிற்றின் மேல் கிடந்தது. இனி எந்தப் பக்கம் யாருடையது என்றுகூடச் சொல்ல முடியாது. பாங்குச் சத்தத்தில் விழித்த ஒரு பிள்ளை அவரைப் பார்த்து, “அத்தா, படு” என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் நகர்ந்து இடம் விட்டது. மற்றதும் நகர்ந்தது. கிதர் முகம்மது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். சாயங்காலம் போய்ச் சுருளிவேல் வீட்டில் ரம்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

பெயர் வைப்பதில் சர்புன்னிசா பிடிவாதமாக இருந்தாள். ஒன்றுக்கு நர்கீஸ் என்று வைத்தால் மற்றது வந்தேறி ஆகிவிடும் என்றாள். அதனால் அந்தப் பெயரையே எடுத்துவிட்டு, ஒன்றுக்கு ஜெய்தூன் என்றும் இன்னொன்றுக்கு ரஹ்மத் என்றும் புதிதாக வைத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தன. ஜெய்தூனுக்குக் கணக்கு வந்தது, ரஹ்மத்துக்குச் சண்டை வந்தது. ஜெய்தூன் உயரமானாள். அறுபத்து மூன்றில் ரஹ்மத் காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வந்த அப்துல் வாஹித் வெளியே மரத்தடியில் வைத்து, வந்ததுதான் திரும்பப் போகிறதோ என்னவோ, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன் கிதர் முகம்மது அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். “போறது எம்புள்ள மச்சான். எதுவா இருந்தா உமக்கென்ன?” என்று அவர் கத்தியதில், வரிசையில் நின்ற நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ரஹ்மத் பிழைத்துக்கொண்டாள். அப்துல் வாஹித் அடுத்த ரம்ஜானுக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் பாவாடைத்துணி எடுத்து அனுப்பினார்.

அறுபத்தாறில், குடும்பக் கட்டுப்பாடு பற்றிச் சொல்ல வீடு வீடாக வந்த நர்ஸ் இஞ்ஞாசியம்மாள் வெயிலில் களைத்துப்போய் அவர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். சர்புன்னிசா டீ கொடுத்தாள். எத்தனை பிரசவம் என்று நர்ஸ் கேட்டார்.

“ஒன்னுங்கம்மா.”

“பிள்ளைங்க?”

“ரெண்டு.”

“ரெட்டையா?”

“இல்லம்மா. ஒன்னு பெத்தது. ஒன்னு வந்தது.”

இஞ்ஞாசியம்மாள் டீயை ஊதிக் குடித்தபடி, முற்றத்தில் ஒரே சீப்புக்காக அடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களையும் பார்த்தார். “எது வந்தது?” என்று கேட்டார். சர்புன்னிசா கிதர் முகம்மதுவைப் பார்த்தாள். அவர் செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

“தெரியலம்மா” என்றார்.

நர்ஸ் சரி என்று தலையை ஆட்டினார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டில் ஒரு நாய் நிற்கிறதே, கடிக்குமா என்று பிள்ளைகளிடம் கேட்டார்.

கடிக்கும் என்றாள் ஜெய்தூன். கடிக்காது என்றாள் ரஹ்மத்.