ஓட்டப்போவது யார்?

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவள் அவள். படிக்க வருபவர்கள் டீச்சர் என்பார்கள். வீட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முன்பு அப்படித்தான் கூப்பிட்டார், அவரும் அவளிடம் வண்டி படிக்க வந்தவர் என்பதால். ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கம்பத்தைத் தொட்டு, தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்று, ஒரு வழியாக லைசென்ஸ் வாங்கினார். அதோடு சரி. அலுவலகத்துக்கு பஸ், மற்ற இடங்களுக்கு மனைவி என்று அவர் காலம் நிம்மதியாக ஓடியது.

அவளுடைய ஓட்டுநர் பள்ளியில் இருந்த ஆட்டோமேட்டிக் வண்டி அடிக்கடி மக்கர் செய்யத் தொடங்கியதும், பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வாங்கலாமா என்று அவள் யோசித்தாள். நாள் முழுக்க நின்று நின்று ஊர்கிற வண்டிக்கு அதுதான் தோது என்று சொன்னார்கள். அவளுக்கு ஒரே உறுத்தல். புதிதாக வருபவர்களுக்கு வண்டியின் மூச்சு காது வழியாகத்தான் பிடிபடும். சத்தமே இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்லித் தருவது? ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினாள். விடுமுறை என்பதால் அவரும் கூட வந்தார்.

ஷோரூமில் விற்பனைக்காரன் அவரைப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னான். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரைப் பார்த்தே பதில் சொன்னான்.

"மெதுவா போறப்ப மோட்டார் மட்டும் ஓடுமா, என்ஜினும் சேர்ந்து ஓடுமா?" என்று கேட்டாள்.

"சார், டவுனுக்குள்ள பெரும்பாலும் மோட்டார்தான் சார். மேடத்துக்கு உள்ளே கண்ணாடி, லைட்டு எல்லாம் ரொம்பப் பிடிக்கும்."

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். 'ஓட்டப்போறது இவங்கதான் தம்பி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "மைலேஜ் எப்படி?" என்றார். அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. வாயைத் திறந்தால் கடை அதிரும் என்று அடக்கிக்கொண்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விற்பனைக்காரன் சாவியை அவரிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார்.

"நான் ஓட்டுறேன், குடுங்க," என்றாள்.

"தெருமுனை வரைக்கும்தானே, ஒரு சின்ன ரவுண்டு," என்று முணுமுணுத்தபடி அவர் உள்ளே ஏறிவிட்டார். விற்பனைக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் பின்சீட்டில், சாமான் மாதிரி.

எதிரே ஒரு வண்டியின் சக்கரத்தை ஷோரூமில் வண்டி கழுவுகிற ஆள் ஒருவர் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். முதுகு இவர்கள் பக்கம். தண்ணீர் இரைச்சலில் அவருக்கு வேறெதுவும் காதில் விழ நியாயமில்லை.

வீட்டுக்காரர் பட்டனை அழுத்தினார். சத்தம் எதுவும் வரவில்லை. கியர் லீவரை இழுத்தார்.

"ஸ்டார்ட்டே ஆகலையே?"

"ஆயிடுச்சு சார்," என்று விற்பனைக்காரன் சிரித்தான்.

அவர் நம்பவில்லை. ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தார். வண்டி குண்டுபோலப் பாய்ந்தது. பள்ளி வண்டியாக இருந்தால் அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருந்திருக்கும். இங்கே கால் வெறும் தரையைத்தான் உதைத்தது.

"பிரேக்கு!"

வகுப்பில் போடுகிற அதே அதட்டல். பழைய மாணவரின் கால் தானாக மாறியது. வண்டி குலுங்கி நின்றபோது, கழுவியவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, குழாயை நழுவவிட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விற்பனைக்காரன் முதலில் இறங்கினான்.

"கண்ணு எங்க வச்சிருக்கே? கஸ்டமர் வண்டி எடுக்கிற நேரத்துல குறுக்க நின்னா?"

அவள் இறங்கிய வேகத்தில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

"அவரையா திட்டுறே? அவர் நின்ன இடத்துலதான் நின்னாரு. எனக்குக் குடுக்க வேண்டிய சாவிய யாருக்குக் குடுத்தே?"

"மேடம், சார்தான்..."

"சார் வண்டி எடுத்து வருஷக்கணக்காச்சு. கேட்டியா? லைசென்ஸ் இருக்கான்னாவது கேட்டியா? ஆம்பளையா இருந்தாப் போதும், அதானே?"

அவள் கீழே உட்கார்ந்திருந்தவரின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"மன்னிச்சிருங்கண்ணே. தப்பு எங்களோடது."

"அடி எதுவும் படலம்மா," என்றார் அவர், முழங்காலைத் தடவியபடி.

திரும்பும் வழியில் தங்கள் வண்டியை அவள்தான் ஓட்டினாள். சிக்னல் ஒன்றில் வீட்டுக்காரர் மெல்ல வாயைத் திறந்தார்.

"இருந்தாலும் அத்தனை பேருக்கு முன்னாடி நீ என்னை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்."

அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"ஒரு மனுஷன் காலு போயிருக்கும். உங்களுக்கு மானம் போனதுதான் பெருசா இருக்கா?"

"அவன் நீட்டினப்ப வேண்டாம்னு சொல்ல வாய் வரல. ஒரு மாதிரி இருந்துச்சு."

"என்ன மாதிரி? பொண்டாட்டி வண்டி ஓட்டுறது வெட்கமா? இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து வரும்போது வராத வெட்கம், ஒரு கடைக்காரன் முன்னாடி எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டித் தீர்த்துவிட்டால் ஆறும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை. இரவுச் சாப்பாட்டை ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டார்கள்.

காலையில் மறுபடி ஷோரூமுக்குக் கிளம்பினாள். பழியை வண்டி கழுவியவர் தலையில் கட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூப்பிடாமலே வீட்டுக்காரரும் வந்து ஏறிக்கொண்டார்.

நினைத்தது போலவே ஆகியிருந்தது. கழுவுகிறவரை வேலையை விட்டு நிறுத்தப்போவதாக மேனேஜர் சொன்னார். அவள் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"ஓட்டினது நான். வண்டி ஸ்டார்ட் ஆனதே தெரியாம மிதிச்சேன். இவங்க தடுத்தாங்க, நான் கேக்கல. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கிறேன்."

முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் பிசிறவில்லை. மேனேஜர் வழிந்துகொண்டே கழுவுகிறவரைக் கூப்பிட்டு, அவர்கள் கண்ணெதிரிலேயே வேலைக்குப் போகச் சொன்னார். பிறகு, "மேடம், இப்ப நீங்களே ஓட்டிப் பாக்கிறீங்களா?" என்று சாவியை எடுத்தார்.

"ஹைப்ரிட் வாங்கத்தான் போறேன். சத்தமில்லாத வண்டியையும் பழக்கிவிடணும்னு நேத்துதான் புரிஞ்சுது. உங்ககிட்ட இல்ல," என்றாள்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் கோவமா?"

"ஆமா. நீங்க உள்ள பேசினது நல்லதுதான். அதுக்காக நேத்து நடந்தது இல்லைன்னு ஆயிடுமா?"

அவர் தலையை ஆட்டினார். பஸ்ஸிலேயே ஆபீசுக்குப் போய்க்கொள்கிறேன் என்று ரோட்டைக் கடந்தார். அவள் தடுக்கவில்லை. ஊரின் மறுகோடியில் இன்னொரு ஷோரூம் இருந்தது. வண்டியை அந்தப் பக்கம் திருப்பினாள்.