இடது கை ஆட்டம்

பீரோவுக்குப் பின்னாலிருந்து கேரம் போர்டை இழுத்தபோது மூலை வலைகளில் இரண்டு அப்படியே பிய்ந்து வந்துவிட்டன. "பரவால்ல, கீழ விழுந்தா பொறுக்கிக்கலாம். குனிய முடியுதாங்கறதுதான் இப்பப் பிரச்சன" என்று அக்கா சிரித்தாள்.

ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தாள். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அம்மா போனபிறகு என் வீட்டில் வந்து தங்குவது இதுதான் முதல் தடவை. போனில் எவ்வளவு பேசினாலும் வைக்கும்போது அவளுக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: "போர்டு இருக்கா? தூக்கிப் போட்டுடலயே?" ஞாயிற்றுக்கிழமை, அவள் லீவில் கடைசி நாள். என் தையல் கடைக்கு விடுமுறை. வீட்டுக்காரர் டூட்டிக்குப் போயிருந்தார். சாப்பாடு முடிந்து தரையில் போர்டைப் போட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேனோ என்று எனக்கே தோன்றியது.

சின்ன வயதில் ஞாயிறு மத்தியானம் என்றாலே எங்களுக்கு இந்தப் பலகைதான். அப்பா அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். வாரத்தில் அந்த ஒரு பகல்தான் தூங்குவார். அவர் எழுந்துவிடாதபடி ரேடியோவைக் கிசுகிசுவென்று வைத்துக்கொண்டு ஆடுவோம். பாட்டு கேட்டு எழுதியவர்களின் பெயர்களை ரயில் வண்டி நீளத்துக்கு வாசிப்பார்கள். நம் பெயர் வருகிறதா என்று ஆட்டத்தை நிறுத்திக் காது கொடுப்போம். நாங்கள் ஒருநாளும் எழுதிப் போட்டதில்லை என்பது வேறு விஷயம். தொலைந்துபோன ஒரு கறுப்புக் காய்க்குப் பதிலாக அம்மாவின் ஸ்வெட்டர் பட்டன். அக்கா சுண்டினால் ஸ்ட்ரைக்கர் போகிற சத்தமே கேட்காது, காய் குழிக்குள் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். தெருவிலிருந்த பெரிய பையன்கள் அவளிடம் தோற்றுவிட்டு, பலகை கோணல் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பவுடரைத் தூவி, காய்களை அடுக்கினேன். அக்கா இடது கையை நீட்டினாள்.

"என்னக்கா, எடது கையில?"

"உனக்குச் சலுகை. இல்லன்னா மூக்கால அழுவ."

அவள் அடித்த ஸ்ட்ரைக்கர் சோம்பலாகப் போய்க் காய்களைத் தொட்டுவிட்டு நின்றது. கேலி செய்தேன். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். அப்போதுதான் கவனித்தேன். வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

வந்ததிலிருந்து பார்த்தவையெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது. ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னால், கண்ணாடி கொண்டுவரவில்லை என்றது. வெளியே போய்விட்டு வந்தபோது பூட்டருகே போய்விட்டுச் சாவியை என்னிடமே நீட்டியது. கேட்கலாம். கேட்டால் அது உண்மையாகிவிடுமே. சிவப்புக் காய் குழியின் வாயிலேயே நின்றிருந்தது, ஊதினால் விழுந்துவிடும். நான் கோணலாக அடித்தேன்.

அக்கா நிமிர்ந்தாள். "வேணும்னே விட்ட."

"இல்லக்கா, கை தவறிடுச்சு."

"கை தவறுனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி."

வலது கையை வெளியே எடுத்துப் போர்டின்மேல் வைத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத நூல்முடிச்சு ஒன்றை உருட்டிக்கொண்டே இருந்தன. அவள் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"போன மழைக்காலத்துலேர்ந்து."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"நாள் பூரா டாக்டருங்க நடுவுலதான் நிக்கிறேன். அவங்க கண்ணுல படாம இருக்கறதே பெரும்பாடா போச்சு."

"அப்ப ஊசி போடறது..."

"எடது கையில பழகிட்டேன். குழந்தைங்கன்னா வேற யாரையாவது கூப்பிட்டுடுவேன். அன்னிக்கு ஒரு பெரியவர், 'ஏம்மா, பயமா இருக்கா?'ன்னு கேக்கறார். ஊசி போட்டுக்கறவரு என்னைக் கேக்கறாரு." சிரிக்கப் பார்த்தாள். "பழைய போர்டுல உக்காந்தா பழைய கை வந்துடும்னு ஒரு நெனப்பு. பைத்தியக்காரி மாதிரி பஸ் ஏறி வந்துட்டேன்."

"ஒரே ஒரு தடவ, அந்தக் கையாலயே அடிச்சுப் பாரேன்க்கா." ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்கும் அந்த நினைப்பு இருந்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள். விரலை மடக்கினாள். நகம் பட்டுப் பட்டு ஸ்ட்ரைக்கர் டிக் டிக்கென்று பலகையில் அதிர்ந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். கடைசிவரை சுண்டவில்லை.

அவளுடைய கைப்பைக்குள் போன் உறுமியது. எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே போர்டின்மேல் வைத்தாள். வார்டிலிருந்து.

"எடுக்கலயா?"

"நாளைக்கு டூட்டிக்கு வரேனான்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும், நீயே சொல்லு."

போன் அதிர்ந்து அதிர்ந்து, வெள்ளைப் பவுடரில் தடம் போட்டபடி, தானாகவே நகர்ந்துகொண்டிருந்தது. எதிரே அக்காவின் கை, விரல்களை உருட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒற்றைக் கறுப்புக் காய். போன் அதை முட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.