குழாய்க்கு மேலே ஒரு சொற்பொழிவு

பேராசிரியருக்குப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இன்னொரு பெயர் உண்டு: திறப்பு விழா. அவர் காதில் விழாமல்தான் சொல்வார்கள். விழுந்தாலும் பாராட்டு என்றே எடுத்துக்கொள்ளும் காது அது.

பெயர் வந்த காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மருத்துவமனையிலிருந்து வயிற்றுப் புற்றுக் கட்டிகளின் மாதிரிகள் வரும். அன்றைக்கென்று பார்த்து ஓர் அமைச்சரோ, நன்கொடை தரும் முதலாளியோ, கேமராவோடு டிவிக்காரர்களோ வருவார்கள், வராவிட்டால் வரவழைக்கப்படுவார்கள். தட்டில் மாதிரிக் குழாய்களின் மூடியைக் கழற்றி வரிசையாக அடுக்கச் சொல்லி, அதன்மேல் குனிந்து, மனித குலத்தின் எதிர்காலம் பற்றிப் பேராசிரியர் பேசுவார். கையுறை உண்டு, புகைப்படத்தில் அது எடுப்பாக இருக்கும். முகக்கவசம் கிடையாது. முப்பது வருஷ உழைப்பில் சம்பாதித்த முகத்தை ஒரு துணிக்குப் பின்னால் ஒளித்து வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

அப்படிப் பேசிப் பேசியே அவர் கண்டுபிடித்ததுதான் அந்த மரபணுத் திரிபு. கட்டிகளில் முக்கால்வாசியில் இருந்தது. நோயில்லாதவர்கள் ரத்தத்தில் மருந்துக்குக்கூட இல்லை. இருந்த இடத்திலும் நூற்றில் இரண்டு மூன்று பங்கு என்று லேசாகத்தான் தெரிந்தது. "பதுங்கியிருக்கும் விதை" என்று அதற்குக் கட்டுரையில் பெயர் சூட்டினார். கட்டுரை உலகம் சுற்றியது, அவரும் கூடவே சுற்றினார். திரிபு உள்ளவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் வயிற்றை எடுத்துவிடுவதே உத்தமம் என்று ஒரு வழிகாட்டியும் எழுதினார்.

அந்த வழிகாட்டிக்கு முதலில் அகப்பட்டவர் ஒரு பஸ் டிரைவரம்மா. அப்பா வயிற்றுப் புற்றில் போய்விட, தனக்கும் வருமோ என்று பயந்துபோய்ச் சோதனைக்கு வந்தார். டிவி கேமரா முன்னால் அவருடைய ரத்த மாதிரி இருந்த குழாயைப் பேராசிரியரே திறந்து, ஐந்து நிமிஷம் உணர்ச்சி பொங்கப் பேசினார். முடிவு வந்தது. திரிபு இருக்கிறது.

"வயிறு இல்லாம எப்படி சார் சாப்பிடறது?" என்று கேட்டார் டிரைவரம்மா.

"கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி."

"பஸ்ஸ நிறுத்தி நிறுத்தியா?"

பேராசிரியர் சிரித்து, அவர் தோளைத் தட்டி, வரலாற்றில் இடம் பிடிக்கப் போகிறீர்கள் என்றார். அப்பா பட்ட பாட்டை நினைத்து அந்த அம்மாவும் சம்மதித்தார். பிள்ளைகளைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

அறுவைக்கு முதல் நாள், சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது, பேராசிரியரின் அறைக்குள் அவருடைய மச்சினி நுழைந்தாள். மனைவியின் தங்கை. நிலையத்தின் தரவுகளையெல்லாம் கணினியில் அலசும் வேலை அவளுக்கு. வீட்டு மனுஷி எதிர்த்துப் பேச மாட்டாள் என்று நம்பி அவரே சேர்த்துவிட்டிருந்தார்.

"அத்தான், கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்துதானே இருக்கேன்."

"அப்ப எழுந்திருக்காதீங்க. நாளைக்கு அந்தம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"ஏன், டிவிக்காரங்க வரலையாமா?"

"அந்தத் திரிபு அவங்களோடது இல்ல. உங்களோடது."

"அதுல யாருக்கு என்ன சந்தேகம்? கட்டுரையில முதல் பேரே என் பேருதான்."

மச்சினி பெருமூச்சு விட்டாள். பிறகு சுவரைக் காட்டினாள். அங்கே, கண்ணாடிச் சட்டத்துக்குள், பேராசிரியரின் சொந்த மரபணு வரைபடம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. சில வருஷங்களுக்கு முன் நிலையத்தின் செலவில் எடுத்தது. பெரிய மனிதர்கள் அறையில் குதிரை ஓவியம் வைப்பார்கள். இவர் தன்னையே வைத்துக்கொண்டார்.

"பொம்பளைங்க கட்டியில ஆம்பளைக்கு மட்டுமே இருக்கிற குரோமோசோம் துண்டு கெடச்சுது. அது எப்படி வரும்னு தேடினேன். அந்தத் திரிபு இருக்கிற எல்லா மாதிரியிலயும் ஒரே ஆளோட டிஎன்ஏ கலந்திருக்கு. கம்ப்யூட்டர்ல உங்க வரைபடமும் இருந்துச்சு, சேத்துப் பாத்தேன். தலையிலேருந்து கால் வரைக்கும் பொருந்துது. நீங்க குனிஞ்சு பேசின தட்டெல்லாம் நோய்த் தட்டு. நீங்க பேசாத தட்டெல்லாம் சுத்தம்."

"நோயில்லாதவங்க மாதிரியில ஏன் வரல?"

"அதப் பாக்க எந்த அமைச்சர் அத்தான் வருவாரு?"

ஒரு துளியைக் கோடிப் பிரதி எடுக்கிற இயந்திரத்துக்குள் தன் எச்சில்தான் இத்தனை காலம் போய்வந்தது என்பது பேராசிரியருக்குப் புரிந்தது. தலை சுற்றியது. ஆனால் அவரைப் போன்ற தலைகள் சுற்றினாலும் திரும்ப மேடையைப் பார்த்துத்தான் நிற்கும்.

"சரி, எனக்கே இருக்குன்னா என்ன அர்த்தம்? எவ்வளவு பரவலா இருக்குன்னு பாரு!"

"பரவல் இல்ல அத்தான். தெறிப்பு."

"வாயை மூடு. உன்னை இங்க சேத்துவிட்டதே நான்."

"நான் மூடிக்கறேன். நீங்க அத அப்பவே மூடியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

பேராசிரியர் கணக்குப் போட்டார். கட்டுரையைத் திரும்பப் பெற்றால் மானம் கப்பலேறும், தன் பெயர் பட்டியலில் இருக்கும் பெரிய விருது கைவிட்டுப் போகும். அறுவை நடந்துவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. எடுத்த வயிற்றில் புற்று வந்திருக்குமா என்று எவன் நிரூபிப்பான்? ஒரு பக்கம் விருது, மறுபக்கம் யாரோ ஒருவரின் வயிறு. அவருக்குத் தராசே தேவைப்படவில்லை.

"நாளைக்கு நடக்கிறது நடக்கும்" என்றார்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு அறுவை மருத்துவர் வந்தார், பின்னாலேயே டிரைவரம்மாவும். பேராசிரியரை மனசாரக் கும்பிடுகிற வெள்ளந்தி மனிதர் மருத்துவர். பேராசிரியரின் வழிகாட்டியை மனப்பாடமாகச் சொல்வார்.

மச்சினி அவரைப் பார்த்துச் சொன்னாள்: "டாக்டர், ஒரு விஷயம். அத்தானுக்கும் அந்தத் திரிபு இருக்கு. இந்தம்மாவுக்கு நூத்துல மூணு பங்கு. இவருக்கு ஒவ்வொரு செல்லுலயும்."

மருத்துவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ சார்! அப்ப முதல்ல உங்களுக்குத்தான் எடுக்கணும். 'லேசாகக் காணப்பட்டாலும் தாமதம் கூடாது'ன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? நாளைக்குக் காலையிலயே போட்டுடலாம். மதியம் சாப்பிடாதீங்க."

"வாங்க சார்" என்றார் டிரைவரம்மா, நிஜமான பரிவோடு. "துணைக்கு ஆள் இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல படுத்துக்கலாம்."

பேராசிரியர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அந்த வயிறு லேசுப்பட்டதல்ல; எத்தனையோ நாட்டு மாநாட்டு விருந்துகளில் மெல்ல மெல்லக் கட்டியெழுப்பியது. அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். ஊரார் வயிறு புள்ளிவிவரமாகத் தெரிந்தது. தன் வயிறு மட்டும் சட்டென்று வயிறாகத் தெரிந்தது.

"அவசரப்படாதீங்க. எதையும் ஒருதரம் சரிபார்த்துக்கிறதுதான் அறிவியல்" என்றார். இதை அந்த அறையில் அவர் சொன்னது அதுவே முதல் முறை.

"என்ன சார் சரிபார்க்கணும்?"

"மாதிரியில ஏதாவது கலந்திருக்கலாம். எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம்."

மச்சினி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டிரைவரம்மா ஒருத்தர் முகத்தை மாற்றி ஒருத்தர் முகமாகப் பார்த்தார். "அப்ப என் வயிறு?"

"உங்க வயிறு உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றாள் மச்சினி.

டிரைவரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் பேராசிரியர் கீழே விழவில்லை. அப்படிப்பட்டவர்கள் விழுகிற இடத்தில் யாராவது மெத்தை போட்டுவைப்பார்கள். தன் தவற்றைத் தானே கண்டுபிடித்த மாமேதை என்று பத்திரிகைகள் எழுதின. மாதிரிகளில் கலப்பைத் தடுப்பது பற்றிப் புதிய கட்டுரை வந்தது. அதிலும் முதல் பெயர் அவருடையதே. மச்சினிக்கு நன்றியுரையில் பாதி வரி. அறிவியல் நேர்மைக்கான விருதும் வந்தது.

விழாவில், தன்னால் காப்பாற்றப்பட்டவர் என்று டிரைவரம்மாவை மேடையேற்றினார். டிரைவரம்மா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"சார் என் வயித்தக் காப்பாத்தினாரு. யாருகிட்டேருந்துன்னு மட்டும் இங்க யாரும் சொல்லல."

முதல் வரிசையிலிருந்த மச்சினி வாய்விட்டுச் சிரித்தாள். கூட்டம் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டது. நோயைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு என்று நினைத்த பேராசிரியர், எல்லாரையும் விட உரக்கச் சிரித்தார்.

விருந்து வரிசையில் டிரைவரம்மா அவருக்கு முன்னால் நின்றார். தட்டில் இடமில்லாத அளவுக்குப் போட்டுக்கொண்டு, பரிமாறுகிறவரிடம், "இன்னும் கொஞ்சம் வைங்க, தம்பி" என்றார்.