உதிரி விரல்

பல்பு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. செசிலி வலது கை ஆள்காட்டி விரலால் மேசைமேல் இருந்த பட்டன் தகட்டை விநாடிக்கு ஒரு முறை அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தும்போதெல்லாம் எதிர்ச் சுவரில் சின்னப் பச்சை பல்பு கண் சிமிட்டும். நூறு சிமிட்டலுக்கு இடது கையிலிருந்த ஜெபமாலையில் ஒரு மணி நகரும். ஐம்பது மணி நகர்ந்தால் ஐயாயிரம். அப்படி ஐந்து சுற்று வந்தால் அன்றைய வேலை முடிந்தது. கம்பெனிப் பதிவேட்டில் இந்த ஜெபமாலைக்கு ‘டிஜிட்டல் கவுண்டர்’ என்று பெயர்.

அறை வாசலில் ‘தானியங்கி ஆயுள் ஆய்வகம்’ என்ற பித்தளைப் பலகை. தானியங்கி உள்ளேதான் இருந்தது. வந்த மூன்றாம் மாதமே இடி விழுந்து மோட்டார் கருகிவிட, உறை போட்டு மூலையில் நிறுத்தியிருந்தார்கள். ஆயுத பூசைக்கு மட்டும் உறையை எடுத்துச் சந்தனம் வைப்பார்கள். மற்ற நாட்களில் செசிலியும் அழகம்மையும் தானாக இயங்கினார்கள்.

மீன் சந்தைகளில் வைக்கும் மின்னணுத் தராசுகளுக்குப் பட்டன் தகடு செய்யும் கம்பெனி அது. கொட்டாரம் ஊருக்குச் சற்றுத் தள்ளி, வயலுக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவில் இருந்தது. ஐஸ் தண்ணீரும் உப்பும் செதிலும் பட்டுப் பழைய தகடுகள் லட்சம் அழுத்தத்துக்குள் செத்துப்போயின. முதலாளி சுதீஷ் துபாயிலிருந்து திரும்பியவர், எம்.டி. என்று அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் ஆறு மாதம் யோசித்து, பிளாஸ்டிக்கின் கனத்தைக் கூட்டி, அடியில் விறைப்பான எஃகுக் குமிழ் ஒன்றை வைத்தார். ஐந்து லட்சம் அழுத்தம் தாங்கினால் ஆர்டர் தருவதாகக் கொச்சிக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. பழைய பட்டன் தொட்டால் கேட்கும். புதிய பட்டன் தள்ளினால்தான் கேட்கும்.

இன்று பதினேழாம் நாள். எட்டாம் நாளே செசிலியின் விரல் மரத்துவிட்டது.

பல்பு எரிந்தால் மட்டும் போதாது. ஐயாயிரத்துக்கு ஒரு முறை பதிவேட்டில் ‘உணர்வு’ என்ற கட்டத்தையும் நிரப்ப வேண்டும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அடியில் குமிழ் தளர ஆரம்பித்துவிடும். அதை விரல்தான் கண்டுபிடிக்கும். செசிலியின் விரல் இப்போது எதையும் கண்டுபிடிப்பதில்லை. சூப்பர்வைசர் ஞானையன் டீ குடிக்கப் போகும்போது அழகம்மை கை நீட்டி அவளுடைய பட்டனை அழுத்திப் பார்ப்பாள். அவர் திரும்பி வந்து பதிவேட்டை நீட்டும்போது, மேசைக்கு அடியில் செசிலியின் காலை மிதிப்பாள். ஒரு மிதி என்றால் ‘நன்று’. இரண்டு மிதி என்றால் ‘தளர்வு’. இதுவரை ஒரு மிதிதான்.

“மெதுவா மிதிங்கக்கா. காலும் மரத்துப் போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் மிச்சமில்லே.”

“வாயெ மூடுட்டி. அந்தாளு வாறான்.”

ஞானையன் வந்து இருவருக்கும் பின்னால் நின்றார். வியர்வை இருவரின் கழுத்திலும் வழிந்து ஜாக்கெட்டை நனைத்திருந்தது.

“சார், அந்த ஃபேனெ இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பப்பிடாதா?” என்றாள் அழகம்மை.

“லேப்ல ஃபேன் போட்டா தூசி பறக்கும். ரீடிங் மாறிப்போகும். எத்தனை மட்டம் சொல்லுகது?”

மூன்றாவது ஸ்டூல் காலியாகக் கிடந்தது. நேசம்மாளின் ஸ்டூல். விரல் மரத்துவிட்டது என்று அவள் உள்ளதைச் சொன்னாள். ‘ரெஸ்ட் எடுத்துட்டு வா’ என்று அனுப்பினார்கள். ஏழு மாதமாக ரெஸ்டில் இருக்கிறாள்.

செசிலி அந்த ஸ்டூலைப் பார்க்காமல் பல்பைப் பார்த்தாள். படகில் முதுகு அடிபட்ட கணவன் ததேயுஸ் எட்டு மாதமாக வீட்டில் படுத்திருக்கிறான். அதுவரை துறையில் ஈரத் தரையில் குத்தவைத்து மீன் வெட்டியவள் இவள். ஆள்காட்டி விரலின் குறுக்கே கத்தி வெட்டிய தழும்பு இருக்கிறது. இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து வேலை. பிளஸ் டூ படிக்கும் மகள் அஜிஷா கூட்டுக்காரிகளிடம், “எங்கம்மா லேப்லயாக்கும்” என்று சொல்கிறாளாம்.

இருபதாம் நாள் ஐந்து லட்சம் முடிந்தது. மறுநாள் காலையில் கொச்சிக் கம்பெனியின் இன்ஜினியர் பிரபின் வந்தான். எம்.டி. கோட்டு போட்டிருந்தார். வாசலில் ரோஜா மாலை. தோவாளைப் பூச்சந்தையிலிருந்து விடியற்காலையில் வரவழைத்தது.

“கரண்ட் கட்டுலயும் நிக்காத லேப் சார் இது. தமிழ்நாட்டுல இப்போ யாருகிட்ட இருக்கு? ஹியூமன் டச்! மனுசத் தன்மையோட ஒரு டெஸ்டிங்!”

பிரபின் தகட்டைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தான். “பட்டன் ஜோராயிருக்கு சார். ஒரு கீறல் இல்லே. ஆனா மெஷின் எங்க?”

“சர்வீஸ்ல இருக்கு. மோட்டார் மட்டும்தான் போச்சு.”

“ஆளு அழுத்துனா அழுத்தம் ஒருபோல இருக்காது. கஸ்டமர் ஒத்துக்கிட மாட்டான். மோட்டார் நாங்க தாறோம். நுனியில ஒரு ரப்பர் விரல் மாட்டணும். அச்சு எடுக்க யாருக்காவது விரல் வேணும்.”

எம்.டி. செசிலியின் தோளில் கை வைத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நம்ம செசிலியம்மா! அஞ்சு லட்சம் தாங்குன விரலு!”

பல் டாக்டர்கள் அச்செடுக்கும் ரோஸ் நிறப் பசையை பிரபின் ஒரு கோப்பையில் கலக்கினான். செசிலி விரலை உள்ளே விட்டாள். விட்டாளா என்பதையே பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

“சூடு தாங்கல்லேன்னா சொல்லணும், கேட்டியா?” என்றார் ஞானையன்.

“எப்படி இருக்கு?” என்றான் பிரபின்.

செசிலி அழகம்மையைத் தேடினாள். அவள் கதவோரம் டீத் தட்டோடு நின்றாள். அங்கிருந்து கால் எட்டாது. எல்லாரும் செசிலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் சூடுதான் சார். தாங்கிக்கிடலாம்.”

பிரபின் நிமிர்ந்தான். “ஐஸ் தண்ணியிலயாக்கும் கலக்கினேன்.”

“அவளுக்குக் காய்ச்சலு சார்,” என்றாள் அழகம்மை அவசரமாக. “தொட்டதெல்லாம் சூடாத்தான் தெரியும்.”

எம்.டி. சிரித்தார். “நம்ம ஆளுங்க ஸ்ட்ராங் சார்.”

பசை இறுகியதும் பிரபின் அவள் விரலை உருவிவிட்டான்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் புறப்பட்டவளை ஞானையன் கேட்டில் நிறுத்தினார். குரல் தணிந்திருந்தது. “நீ ஒரு ரெஸ்ட் எடுத்துட்டு வா, செசிலி.”

மூன்று வாரம் கழித்து, மறந்து வைத்துவிட்டுப் போன ஜெபமாலையை எடுக்க அவள் வந்தாள். பச்சை பல்பு எரிந்து அணைந்துகொண்டிருந்தது. உறை கழற்றிய மெஷின் ‘டக், டக்’ என்று ஒரே தாளத்தில் தட்டியது. அதன் நுனியில் தவிட்டு நிறத்தில் ஒரு விரல். குறுக்கே தழும்பு. மேசை ஃபேன் அதன் முகத்துக்கு நேராகச் சுழன்றது.

“சூடானா ரப்பர் இளகிப் போகுமாம்,” என்றாள் அழகம்மை. அவளுடைய வேலை இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதுவது. “உனக்க வெரலு போலத்தாமுட்டி இருக்கு. எனக்கு அதெப் பாக்க முடியல்லே.”

மெஷினில் மணி அடித்தது. ஞானையன் மெஷினை நிறுத்திவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த தாளை ஒருமுறை வாசித்தார். ‘ஐம்பதாயிரம் அழுத்தத்துக்கு ஒரு முறை விரலை மாற்றவும். தேய்ந்த விரலை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.’ பழைய விரலைத் திருகிக் கழற்றி மேசையில் போட்டார். அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சில் பொதிந்து வரிசையாக விரல்கள். எல்லாவற்றிலும் அதே தழும்பு. ஒன்றைப் பதமாக எடுத்து மாட்டினார்.

செசிலி ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். கழற்றிப் போட்ட விரலையும் எடுத்தாள். நுனி மழமழவென்று தேய்ந்திருந்தது. இடது கையால் தடவிப் பார்த்தாள்.

“இதெ நான் கொண்டு போகட்டா சார்? தேஞ்சதுதானே?”

“அய்யோ, கம்பெனிச் சாமானாக்கும். எண்ணி ஒப்படைக்கணும். கேட் பாஸ் இல்லாம ஒண்ணும் வெளியே போகப்பிடாது. வச்சிட்டுப் போ பிள்ளே.”

அவள் வைத்தாள். ஞானையன் ஃபேனைச் சரியாகத் திருப்பிவிட்டு மெஷினைப் போட்டார். மேசைமேல் கிடந்த விரல் அதிர்வில் மெல்ல உருண்டு, விளிம்பில் தடுக்கி நின்றது.